அருவியை மட்டும் பார்த்த தொலைநோக்கி

இரண்டு மாநிலங்களின் காடுகள் சந்திக்கும் மலையில் மூங்கில்முடி என்றொரு காட்சிமுனை இருந்தது. அதன் விளிம்பில், ஓர் இரும்புக் காலின் மேல் ஒரு தொலைநோக்கி நின்றது. கீழே பள்ளத்தாக்கில் ஓடிய ஆறுதான் எல்லை. ஆற்றுக்கு அப்பால், அடுத்த மாநிலத்துக் காட்டில், பாறையின் உச்சியிலிருந்து ஓர் அருவி ஒரே வீச்சாக விழுந்தது. வேன் பிடித்து வருகிறவர்கள் எல்லாம் அதைப் பார்க்கத்தான் வந்தார்கள்.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன், காசு வாங்கிக்கொண்டு அருவியைக் காட்டும் சின்னமாயன் தொலைநோக்கியை அங்கே நிறுத்தி, அருவியின் பக்கம் திருப்பி வைத்தார். பிறகு அதைத் திருப்பச் சொல்லி யாரும் கேட்கவில்லை. மழையிலும் பனியிலும் நனைந்து, அதன் கழுத்தில் துரு ஏறிவிட்டது.

"நான் இருக்கிற வரைக்கும் உனக்குக் கவலை இல்லை," என்றது துரு. "எந்தக் காற்று அடித்தாலும் உன் பார்வை அருவியை விட்டு ஒரு விரற்கடை நகராது."

தொலைநோக்கிக்கு அது பெருமையாக இருந்தது. "இந்த மலையிலேயே ஆகச் சிறந்ததை நான் பார்க்கிறேன். வேறு எங்கே திரும்ப வேண்டும்?"

அதற்குப் பிடிக்காதது மூடுபனி மட்டும்தான். "உனக்கு வேறு வேலை இல்லையா? எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறார்கள், தெரியுமா?" என்று சலித்துக்கொள்ளும்.

"எனக்குத் தெரியாது," என்று மூடுபனி சாவகாசமாகப் பதில் சொல்லும். "காற்று சொன்ன இடத்துக்குப் போகிறேன், வருகிறேன்."

காட்சிமுனையில் லூர்தம்மா மக்காச்சோளம் அவித்து விற்றாள். அவளுடைய அக்கா சவரியம்மா, அருவிக்குக் கீழே சரிவில் இருந்த ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்தாள். தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளை லயம் என்பார்கள். அந்த லயத்தில் கடைசி வீடு அக்காவுடையது. காட்சிமுனையிலிருந்து பார்த்தால் நேர் எதிரே. போய்ச் சேர வேண்டுமென்றால் மலையிறங்கி, சோதனைச்சாவடி தாண்டி, சுற்றிக்கொண்டு அறுபது கிலோமீட்டர்; கடைசியில், தோட்டத்துக்கு முன்னால், ஒரு காட்டாற்றுப் பாலம்.

அந்த ஆனி மாதம் நான்கு நாள் விடாமல் மழை பெய்தது. ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மழை விட்டதும் வேன்கள் மேலே வந்தன. ஆனால் மூடுபனி பள்ளத்தாக்கை நிறைத்துக்கொண்டு அசையாமல் கிடந்தது. தொலைநோக்கிக்கு முன்னால் வரிசை நீண்டது.

லூர்தம்மா அன்றைக்கு அடுப்பே பற்றவைக்கவில்லை. சின்னமாயனிடம் வந்து நின்றாள்.

"அண்ணே, நாலு நாளா அக்காவுக்குப் போன் போகல. பனி விலகுச்சுன்னா இதைக் கொஞ்சம் கீழ திருப்பிக் காட்டுங்கண்ணே."

"அது திரும்பாது தங்கச்சி. துருப்பிடிச்சுப் போய்க் கெடக்கு. நான் ஒருதடவை முயற்சி பண்ணிட்டு விட்டுட்டேன்."

"இன்னொருதடவை பண்ணிப் பாருங்க."

சின்னமாயன் இரண்டு கையாலும் பிடித்து அழுத்தினார். கழுத்து அசையவில்லை.

"விட்டுக் கொடுத்துவிடாதே," என்று துரு கிசுகிசுத்தது. "வலுவில் திருப்பினால் உன் மரை தேய்ந்துவிடும். பிறகு எதையுமே நிலையாகப் பார்க்க மாட்டாய். வீட்டையும் சேற்றையும் பார்க்கவா உன்னை இங்கே நிறுத்தினார்கள்?"

லூர்தம்மா குனிந்து தொலைநோக்கியில் கண்ணை வைத்தாள். வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் எடுக்காமல் அப்படியே இருந்தாள். எத்தனையோ ஆயிரம் கண்களைத் தொலைநோக்கி பார்த்திருக்கிறது. சந்தோஷமாக விரிந்த கண்கள், வேடிக்கை பார்த்துச் சலித்த கண்கள். இந்தக் கண் அவற்றில் ஒன்றாக இல்லை. அதன் ஈரம் கண்ணாடியில் ஒட்டியது.

"இவளுக்கு என்ன வேண்டும்?" என்று தொலைநோக்கி முதன்முறையாக மூடுபனியிடம் மெல்லக் கேட்டது.

"அங்கே ஒருத்தி இருக்கிறாளா இல்லையா என்று தெரிய வேண்டும்," என்றது மூடுபனி. "காற்று வருகிறது. நான் கொஞ்ச நேரம் விலகப் போகிறேன். கொஞ்ச நேரம்தான்."

காற்று வந்தது. பள்ளத்தாக்கில் மேலிருந்து கீழாக ஒரு வழி திறந்தது. அருவி தெரிந்ததும் வரிசையில் எல்லோரும் நெருக்கினார்கள். முதலாவதாக நின்றவர் ராஜபாளையத்திலிருந்து மனைவியோடு வந்த ஓர் ஆசிரியர். மூன்று மணி நேரமாகக் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றவர். அவர் ஓரடி முன்னால் வைத்தார். மனைவி அவர் கையைப் பிடித்தாள்.

"அந்தம்மா பார்க்கட்டுங்க."

ஆசிரியர் அருவியை ஒரு முறை பார்த்துக்கொண்டார். பிறகு சின்னமாயனுக்கு எதிர்ப்பக்கம் போய், "நான் இந்தப் பக்கம் பிடிக்கிறேன். சேர்ந்து அழுத்துவோம்," என்றார்.

"இறுக்கிப் பிடித்துக்கொள்," என்றது துரு.

தொலைநோக்கி பிடியை விட்டது.

கழுத்து கிறீச்சிட்டது. உள்ளே ஏதோ மளுக்கென்று தெறித்தது. செம்பொடியாகத் துரு உதிர்ந்து விழ, தொலைநோக்கி அருவியை விட்டுக் கீழே இறங்கியது.

லூர்தம்மா பார்த்தாள்.

"லயத்தைக் காணோம்ணே," என்றாள். "மண்ணாத்தான் இருக்கு."

சின்னமாயனும் ஆசிரியரும் கழுத்தை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள்.

"பாலமும் இல்ல. ஏலக்காய் காயவைக்கிற கட்டடம் இருக்கு. கொஞ்சம் இந்தப் பக்கம் நகத்துங்க... வாசல்ல ஆளுக நிக்கிறாக. நெறையப் பேரு. ஒரு பொம்பள துணியப் புடிச்சு வீசுது." அவள் கண்ணை இன்னும் நெருக்கி வைத்தாள். "இடது கையால வீசுதுண்ணே. அது எங்க அக்காதான். எங்க வீட்டுல அவ ஒருத்திதான் இடதுகைக்காரி."

அதற்குள் மூடுபனி திரும்பி வந்துவிட்டது.

ஆசிரியர் வந்த வேனிலேயே சின்னமாயனும் லூர்தம்மாவும் சோதனைச்சாவடிக்குப் போனார்கள். அங்கிருந்து வயர்லெஸ்ஸில் அந்தப் பக்கத்துக்குச் செய்தி போனது. பாலம் விழுவதற்கு முன்பே தோட்டத் தொழிலாளர்கள் வெளியேறிவிட்டார்கள் என்றுதான் அங்கே எல்லோரும் நினைத்திருந்தார்கள். மறுநாள் மதியம் காட்டாற்றின் குறுக்கே கயிறு கட்டி முப்பத்தெட்டுப் பேரைக் கரைசேர்த்தார்கள்.

துரு சொன்னதும் பொய்யில்லை. தொலைநோக்கியின் கழுத்து அதன்பிறகு நிற்கவில்லை. விட்டால் தலை தொங்கிவிடும். யார் பார்த்தாலும் சின்னமாயன் பக்கத்தில் நின்று கையால் தாங்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. "அருவி ஆடுதே," என்று வந்தவர்கள் குறைப்பட்டார்கள்.

ஒரு காலையில் தொலைநோக்கி மூடுபனியிடம் கேட்டது: "அன்றைக்கு எனக்காகவா விலகினாய்?"

"இல்லை. காற்று தள்ளியது, போனேன். தினமும் பத்துத் தடவை விலகத்தான் செய்கிறேன்," என்றது மூடுபனி. "அன்றைக்குத்தான் நீ திரும்பினாய்."

ஆவணி பிறந்ததும் தோட்டத் தொழிலாளர்கள் சரிவுக்குத் திரும்பினார்கள். ஏலக்காய்க் கட்டடத்தை ஒட்டித் தகரக் கொட்டகைகள் எழுந்தன. கூட்டம் குறைந்த ஒரு மாலையில் லூர்தம்மா வந்து கண்ணை வைத்தாள். சின்னமாயன் அவளுக்குத் தோதாகத் தலையைத் தாழ்த்திப் பிடித்தார். கொட்டகை வாசலில் ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். வேலையை நிறுத்திவிட்டு, நெற்றியில் கையை வைத்து, மேலே காட்சிமுனையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா நம்மளத்தான் பாக்குதுண்ணே," என்றாள் லூர்தம்மா.

தொலைநோக்கி அதை நம்பமுடியாமல் பார்த்தது. பன்னிரண்டு வருடம் அது அருவியைப் பார்த்திருந்தது. அருவி ஒரு நாளும் அதைத் திரும்பிப் பார்த்ததில்லை.