கூந்தல்பனை தன் இலையைக் கிழித்துக்கொண்ட காலை

அந்தக் காலத்தில் மரங்களுக்கு வாய் இருந்தது. மனிதர்கள் கேட்டால் பதில் சொல்லும், கேட்காவிட்டாலும் சொல்லும். அதிலும் பனைக் குடும்பத்துக்கு வாய் கொஞ்சம் நீளம்.

அந்தக் குடும்பத்தின் நான்கு சகோதரிகளும் சமவெளியில், ஓடைக்கரை என்ற ஊரில், ஒரு விவசாயியின் தோட்டத்தில் இடுப்புயரக் கன்றுகளாக வளர்ந்துகொண்டிருந்தார்கள். மூத்தவள் பனை, அடுத்தவள் தென்னை, மூன்றாமவள் கமுகு. நான்காமவளைத்தான் இன்று நாம் கூந்தல்பனை என்கிறோம். கூந்தல் போலத் தொங்கும் பூங்குலையால் வந்த அந்தப் பெயர் அப்போது அவளுக்கு வரவில்லை. எல்லோருக்கும் அவள் கடைக்குட்டி, அவ்வளவுதான்.

மூத்தவள் நுங்கு தருவாள், அடுத்தவள் இளநீர் தருவாள், மூன்றாமவள் தாம்பூலத்துக்குப் பாக்கு தருவாள் என்று ஊருக்கே தெரியும். கடைக்குட்டி என்ன தருவாள் என்று யாருக்கும் தெரியாது. யாரும் கேட்டதுமில்லை. ஆனால் அவளிடம் ஓர் அழகு இருந்தது. அவள் இலை தலைவாழை இலை மாதிரி அகலமாக, ஒரு கீறல்கூட இல்லாமல் முழுசாக இருக்கும். அக்காக்களின் ஓலை பிளந்து காற்றில் சரசரவென்று அடித்துக்கொள்ளும்போது இவள் தன் இலையை விரித்துக் காட்டுவாள்.

"பாருங்கடி, எங்கேயாவது ஒரு கிழிசல் இருக்கா?"

இருக்காது. அந்தக் கர்வம் அவளுக்கு உண்டு. கர்வப்பட வேறொன்றும் இல்லாதவளிடம் இருக்கிற ஒன்றையும் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

ஓடைக்கரையில் ஒரு வழக்கம் இருந்தது. பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்பும்போது அவளோடு பனைக் குடும்பத்துக் கன்று ஒன்றும் போகும். புகுந்த வீட்டு வாசலில் அதை நட்டு, தினமும் பொழுது சாயும் நேரத்தில் ஒரு சொம்புத் தண்ணீரை அதன் உச்சியில் ஊற்றுவார்கள். அதற்குத் தலைக்கு ஊற்றுவது என்று பெயர். பகல் முழுக்க வெயிலில் காய்ந்த கன்றுக்கு அந்த ஒரு சொம்புத் தண்ணீர் அமிர்தம். கன்று வேர் பிடித்தால் பெண்ணும் அந்த வீட்டில் வேர் பிடித்தாள் என்று சொல்வார்கள். கன்று பட்டுப்போனால் அவளுக்கு 'மரம் பட்டவள்' என்று பெயர். அவளுக்குப் பிறக்கும் மகளுக்கும் ஓடைக்கரையிலிருந்து கன்று கிடைக்காது. அநியாயம்தான். ஆனாலும் ஊர் அப்படித்தான் இருந்தது.

தோட்டக்காரரின் மகள் சிட்டாயி. தேன் விற்க மலையிலிருந்து இறங்கி வந்த வேடியப்பனை அவளுக்குப் பிடித்துப்போயிற்று. அவனுடைய ஊர் தேன்பாறை. அங்கே போக ஒரு பகல் முழுக்க மலை ஏற வேண்டும். அந்த மலையில் அதுவரை எந்தப் பனையும் வளர்ந்ததில்லை.

"அங்கே பனைக்கன்னு தாங்காது. வெறுங்கையோட போ. கன்னு பட்டுப்போச்சுங்கற பேரு வேண்டாம்" என்றார் அப்பா.

சிட்டாயி கேட்கவில்லை. நேராகக் கன்றுகளிடம் போய் நின்றாள். "யாரு என்கூட வர்றீங்க?"

"எனக்குக் கால் சுடணும். சில்லுனு இருக்கற மண்ணுல நான் நிக்க மாட்டேன்" என்றாள் பனை.

"கடல் காத்து அடிக்குமா அங்கே? அடிக்காதுல்ல? அப்புறம் என்னாத்துக்கு என்னைக் கூப்பிடறே?" என்றாள் தென்னை.

"நான் தனியா இருந்து பழக்கமில்ல. பத்துப் பேரு வந்தா வர்றேன்" என்றாள் கமுகு.

"நான் வர்றேன்" என்றாள் கடைக்குட்டி.

அக்காக்கள் மூவரும் சிரித்த சிரிப்பில் தோட்டத்துக் குருவிகள் பறந்துவிட்டன. "நீயா? அந்தக் குளிர்ல உன்னோட அழகான இலை என்ன கதியாகும்னு தெரியுமாடி?"

"இங்கே இருந்தா மட்டும் என்னை யாரு கேக்கறாங்க? அங்கே போனா முதல் ஆளா இருப்பேன்" என்றாள் கடைக்குட்டி. சிட்டாயி அவளை வேர்மண்ணோடு பெயர்த்துக் கூடையில் வைத்துத் தலையில் சுமந்துகொண்டு மலை ஏறினாள். கூடையைத் தூக்க வேடியப்பன் எத்தனை தடவை கேட்டும் அவள் கொடுக்கவில்லை.

மாமியார் பெருமாயி கன்றைப் பார்த்துவிட்டு மருமகளைப் பார்த்தாள். "ஏ புள்ள, இது எங்கூர்ல ஒரு மார்கழி தாங்குமா?"

"தாங்கும் அத்தை."

"சரி, வாசல்ல வெச்சுக்கோ. தை பொறக்கறப்ப புதுக் குருத்து விட்டிருந்தா இது எங்க வீட்டு மரம். இல்லைன்னா பிடுங்கிட்டு அந்த இடத்துல சாமை விதைப்பேன். எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

வைகாசியில் நட்டாள். கன்று வேர் விட்டது. ஆடிக் காற்றில் அசைந்தது, ஐப்பசி மழையில் குளித்தது. நாலு இலை விரித்து வாசலில் ராணி மாதிரி நின்றது. சிட்டாயி தாய்வீட்டு வழக்கத்தை ஒரு நாள்கூட விடவில்லை. மாலையானால் ஒரு சொம்புத் தண்ணீர், தலைக்கு. கார்த்திகையில் கடைக்குட்டி லேசாக நடுங்கினாள். "அக்கா, இன்னிக்கு வேண்டாமே" என்றாள். "வழக்கத்தை விடக்கூடாதும்மா" என்று சொல்லி ஊற்றினாள் சிட்டாயி. பிரியமாகத்தான் ஊற்றினாள். அதுதான் அவள் செய்த தப்பு.

மார்கழி பிறந்து மூன்றாம் நாள் காலை. சிட்டாயி கதவைத் திறந்தபோது புல்லெல்லாம் உப்புத் தூவியதுபோல வெளுத்திருந்தது. அதுவரை அவள் உறைபனியைப் பார்த்ததில்லை. கடைக்குட்டியிடம் ஓடினாள். நேற்று மாலை ஊற்றிய தண்ணீர் உச்சியில், குருத்தைச் சுற்றிக் கண்ணாடிச் சில்லாக உறைந்து நின்றது. ஓர் இலை கருகியிருந்தது.

"அக்கா, தலைக்குள்ள கத்தி வெச்ச மாதிரி இருக்குது" என்றாள் கடைக்குட்டி. அவள் குரலே மாறியிருந்தது.

சிட்டாயி கத்தினாள். பெருமாயி வந்து பார்த்தாள். பிறகு திட்டினாள்.

"அடிப் பாவி மவளே! மார்கழி மாசத்துல எவளாவது பச்சப்புள்ளைய ஈரத் தலையோட படுக்க வெப்பாளா?"

"எங்க ஊர்ல..."

"உங்க ஊர்ல வெயிலு. எங்க ஊர்ல இது. ஊருக்கு ஊரு தண்ணி ஒண்ணா இருக்கலாம், தலை ஒண்ணா இருக்குமா?"

சிட்டாயிக்கு அழுகை வந்துவிட்டது. மா, வேம்பு என்றால் ஒரு கிளை கருகினாலும் வேறொரு கிளை துளிர்க்கும். பனைக் குடும்பத்துக்குக் குருத்து ஒன்றே ஒன்றுதான். அது அழுகினால் மரம் முடிந்தது. ஏழு மாதமாகத் தன் கையாலேயே அந்தக் குருத்தின் மேல் குளிரைக் கொட்டியிருக்கிறோம் என்று நினைத்தபோது அவளுக்குத் தன் கையைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அன்று மாலை அவள் தண்ணீர் ஊற்றவில்லை.

ஆனால் மறுநாள் காலையும் குருத்தைச் சுற்றிப் பனிச்சில்லு இருந்தது. இன்னோர் இலை கருகியிருந்தது. யாரும் ஊற்றாத தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் புரியவில்லை.

வேடியப்பன் மண்வெட்டியோடு வந்தான். "சிட்டாயி, இப்பவே பேத்துடலாம். நான் சுமந்துட்டு ஓடறேன். பொழுது சாயறதுக்குள்ள அடிவாரத்துல வெயில் பட்டா பொழச்சுக்கும்."

"ஊர்ல என்ன சொல்லுவாங்க மாமா?"

"சொல்றவங்க சொல்லட்டும். உசுரு இருக்கட்டும்."

அவன் சொன்னது நியாயம். சிட்டாயி மெல்லக் குனிந்து கடைக்குட்டியைக் கேட்டாள். "போயிடலாமா?"

பனி இளகிச் சொட்டிக்கொண்டிருந்தது. கடைக்குட்டி தன் இலைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரிந்திருந்த ஒவ்வோர் இலையும் பனித்துளிகளைத் தாம்பாளம் போல வாங்கிச் சேர்த்தது. சேர்ந்த தண்ணீர் நடு நரம்பின் பள்ளத்தில் வழிந்து, காம்பு வழியாக ஓடி, நேராகக் குருத்துக்குள் இறங்கியது. தினமும் மாலையில் சிட்டாயி ஊற்றியதை, விடியும்வரை அவளுடைய இலையே ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறது. ஓரத்தில் இருந்த ஓர் இலையை மட்டும் போன வாரம் ஆடு கடித்திருந்தது. அதற்காக அந்த ஆட்டை அவள் வாய்க்கு வந்தபடி திட்டியிருந்தாள். அந்தக் கிழிசல் வழியாகத் தண்ணீர் கீழே மண்ணில் விழுந்துகொண்டிருந்தது. ஒரு சொட்டுகூடக் குருத்துக்குப் போகவில்லை.

"நான் போகல" என்றாள் கடைக்குட்டி. "அக்கா, என் இலையைக் கிழி."

சிட்டாயி கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "என்னால முடியாது. உனக்குன்னு இருக்கறது அது ஒண்ணுதானே!"

"என்னோடதுதானே? அதனாலதான் நானே சொல்றேன். நுனியில கிழி. எல்லா இலையும். ஒண்ணு விடாம."

"வலிக்குமே."

"குளிர்ல சாகறதுக்கு இது தேவலை. சீக்கிரம் கிழி, எனக்கு மனசு மாறிடப் போகுது."

சிட்டாயி கிழித்தாள். முதல் இலை பட்டுப்புடவை கிழிகிற மாதிரி சத்தம் போட்டது. வேடியப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கடைக்குட்டி அழவில்லை என்று சிலர் சொல்வார்கள். நம்பாதீர்கள். நன்றாகவே அழுதாள். அழுதுகொண்டே, "அடுத்தது, அடுத்தது" என்றாள். நுனியெல்லாம் பிசிறு பிசிறாக, மீனின் வால் மாதிரி ஆகிவிட்டது.

கிழித்து எடுத்த நாரையெல்லாம் பெருமாயி கீழே விழாமல் பொறுக்கிக்கொண்டாள். யாரும் அவளைக் கேட்கவில்லை. அவளாகவே வந்து, மிச்சமிருந்த இலைகளைக் குருத்தைச் சுற்றி மேலே கூட்டிப் பிடித்து, அந்த நாராலேயே கட்டினாள். பாறையில் தேன் எடுக்கப் போகிறவர்கள் போடும் முடிச்சு அது, காற்று அசைத்தால் இன்னும் இறுகும். கட்டுக்கு மேலே காய்ந்த புல்லால் ஒரு குல்லாய் வைத்தாள்.

"வெயில் ஏறினதும் அவுத்து விடணும், வெயில் இறங்கறதுக்குள்ள கட்டிடணும்" என்றாள். "மறந்தே, உன்னைத்தான் கட்டிப் போடுவேன்."

அந்த மார்கழி முழுவதும் இரண்டு பெண்களும் மாறி மாறி அவிழ்த்தார்கள், மாறி மாறிக் கட்டினார்கள். ஆறு தடவை வாசல் வெளுத்தது. தேன்பாறைக்காரர்கள் வேலைக்குப் போகும்போது நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். முதலில் கேலி செய்தார்கள். பிறகு கேலி நின்றது. பிறகு, "இன்னிக்கு எப்படி இருக்கா?" என்று விசாரிக்க ஆரம்பித்தார்கள்.

தை முதல் நாள். மலையில் பனி விழுந்த சேதி கேட்டுச் சிட்டாயியின் அப்பா ஏறி வந்திருந்தார். கையில் பொங்கல் சீர் இருந்தது. முகத்தில் துக்கம் விசாரிக்க வந்த களை இருந்தது. பெருமாயி ஊரையே வாசலுக்குக் கூப்பிட்டிருந்தாள். அவளே முடிச்சை அவிழ்த்தாள். கட்டு பிரிந்தது. நடுவில் இளம்பச்சையில் ஒரு புதுக் குருத்து, விரல் நீளத்துக்கு, ஈட்டி மாதிரி நிமிர்ந்து நின்றது.

"எங்க வீட்டு மரம்!" என்றாள் பெருமாயி. சொன்னது ஊருக்கு, அணைத்துக்கொண்டது மருமகளை.

அப்பா கன்றைச் சுற்றிச் சுற்றி வந்தார். கண் நிறைந்துவிட்டது. அதைக் காட்டிக்கொள்ளாமல், "இலையெல்லாம் ஏன் இப்படி இருக்குது? ஆடு மேஞ்சுதா?" என்று கேட்டார்.

"ஆடு இல்லப்பா" என்றாள் கடைக்குட்டி. "நானே கிழிச்சுக்கிட்டேன். இந்தக் கிழிசல்லதான் நான் இருக்கேன். கீழே போய் எங்க அக்காங்ககிட்ட அப்படியே சொல்லு."

பிறகு சிட்டாயியைப் பார்த்தாள். சிட்டாயிக்கு அப்போது நான்கு மாதம். அவள் வயிற்றைப் பார்த்துக்கொண்டே கடைக்குட்டி சொன்னாள்:

"அக்கா, அன்னிக்கு என்னைக் கிழிக்கச் சொன்னப்ப நீ கையைப் பின்னால கட்டிக்கிட்டதைப் பார்த்தேன். இனிமே எனக்கு வர்ற எல்லா இலையும் கிழிஞ்சேதான் வரும். உன் மக அவ கன்னுக்கு இந்த வேலையைச் செய்யக்கூடாது."

சொன்னபடியே செய்தாள். மாசியில் அந்தக் குருத்து விரிந்தபோது யார் கையும் படாமலே நுனி கிழிந்திருந்தது.

அன்று தொடங்கியதுதான், இன்றும் குளிர்கிற மலைகளில் கூந்தல்பனையின் இலை மீன்வாலாகக் கிழிந்தே பிறப்பதும், அங்கே மார்கழியில் யாரும் கன்றுக்குத் தலைக்கு ஊற்றாமல் இருப்பதும். அக்காக்கள் ஏறத் தயங்கிய உயரத்தில் அவள் நிற்கிறாள். அந்தக் கிழிந்த இலையை மடக்குவதில்லை, மறைப்பதில்லை. விரித்துப் பிடித்துக்கொண்டே நிற்கிறாள்.