மேல்வழியில் நின்ற செம்பி

குளக்கரை இலுப்பை மரத்தடியில் ஒரு கறையான் புற்று இருந்தது. மண் சுமந்து சுவர் பூசுவது வேலைக்காரக் கறையான்களின் பாடு. எறும்புகளோடு மல்லுக்கட்டுவது சிப்பாய்க் கறையான்களின் பாடு. சிப்பாய்களின் தாடை அரிவாள் மாதிரி நீண்டிருக்கும். அதனால் அவற்றால் தாமாகத் தின்ன முடியாது. வேலைக்காரர்கள்தான் வாயில் ஊட்டுவார்கள்.

ஒரு நாள் செம்பி என்ற வேலைக்காரக் கறையான் ஈரமண்ணோடு மேல்வழியில் ஏறியது. தாடையன் என்ற சிப்பாய் குறுக்கே நின்றது.

“ஏ மண்சுமப்பி! இது சிப்பாய்கள் நடக்கும் வழி. கீழே சுற்றிப் போ!”

“வழியைக் கட்டியதே நாங்கள்தானே, அண்ணே?”

“கட்டினால் என்ன? காவல் காப்பவன்தான் உசத்தி!”

“அப்படியா? அந்த உசத்தியான வாயாலே நீயே தின்றுகொள்!”

செம்பி அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

அந்த நேரம் பார்த்து வெளியே ஒரு கரடி புற்றைப் பிறாண்டிவிட்டுப் போனது. சுவரில் பெரிய ஓட்டை! எறும்புகள் திமுதிமுவென்று வந்தன. தாடையனும் மற்றச் சிப்பாய்களும் வெளியே பாய்ந்து மறித்தன. வேலைக்காரர்கள் பின்னாலிருந்து ஓட்டையைப் பூசினார்கள். வெளியே போன சிப்பாய்களை அப்படியே விட்டுவிட்டு அடைப்பதுதான் அந்தப் புற்றின் வழக்கம்.

“அடை, செம்பி! உன்னை மறித்தவன்தானே? வெளியே கிடந்து சாகட்டும்!” என்று கத்தியது பக்கத்தில் நின்ற கறையான்.

“மாட்டேன்! என்னைக் கீழே போகச் சொன்னதும் வழக்கம். இவர்களைச் சாக விடுவதும் வழக்கம். இரண்டுக்கும் நான் தலையாட்ட மாட்டேன்!”

ஒரு தலை நுழையும் அளவுக்கு இடம் விட்டு, செம்பி அங்கேயே நின்றது. ஓர் எறும்பு அதன் உணர்கொம்பைக் கடித்துப் பிய்த்தது. அப்போதும் அசையவில்லை.

“தாடையா! எல்லாரையும் உள்ளே அனுப்பு! கடைசியாக நீ பின்பக்கமாக வா!”

சிப்பாய்கள் ஒவ்வொன்றாக நுழைந்தன. தாடையன் கடைசியாகப் பின்நகர்ந்து வந்து, தன் தலையாலேயே ஓட்டையை அடைத்துக்கொண்டது. அதைச் சுற்றி வேலைக்காரர்கள் மண் அப்பினார்கள். தாடையன் தலையை இழுத்துக்கொண்டதும் செம்பி கடைசி உருண்டையை வைத்து மூடியது.

தாடையன் பசியில் தள்ளாடியது. ஊட்டச் சொல்லிக் கேட்கக் கூச்சப்பட்டது.

“வாயைத் திற, ஊட்டுகிறேன்,” என்றது செம்பி. “ஆனால் நாளைக்கும் நான் மேல்வழியில்தான் வருவேன்!”

தாடையன் வாயைத் திறக்கும் முன் சுவரோரம் ஒதுங்கி வழிவிட்டது.

வேலையைப் பிரித்துக்கொள்ளலாம், ஆனால் அதை வைத்து மேல் கீழ் பிரிக்கிற வழக்கத்துக்கு யாரும் பணிய வேண்டியதில்லை.