இருபதுக்கு இருபதும் தப்பு

“எது அதிகம், எது கம்மின்னு பவழத்துக்குப் பிடிபடவே மாட்டேங்குது, டீச்சர்” என்றார் சுந்தரவடிவேல்.

ஆரோக்கியமேரி டீச்சர் மிச்சமிருந்த பாய்களை உதறி விரித்துக்கொண்டிருந்தார். மலைப்பள்ளியில் சாப்பாடு முடிந்து பிள்ளைகள் தூங்கும் நேரம். ஜன்னல் வழியாக மேகம் உள்ளே வந்து, கேட்பாரில்லாமல் அறைக்குள் உலாவிக்கொண்டிருந்தது. படுத்திருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்களா இல்லையா என்றே தெரியவில்லை.

டீச்சருக்கு சுந்தரவடிவேலின் மகள் வயதுதான். ஆனாலும் சின்னப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பது எப்படி என்று தெரிந்துகொள்ள, பட்டணத்துக் கம்ப்யூட்டர் வேலையை உதறிவிட்டு அவரிடம்தான் வந்து சேர்ந்திருந்தார். வெறுங்கையோடு வரவில்லை. தானே செய்த விளையாட்டோடு வந்தார்.

தொடுதிரையில் இரண்டு குளம். இரண்டிலும் மீன். எதில் அதிகமோ அதைத் தொட வேண்டும். அவ்வளவுதான்.

“எத்தனை தடவை தொட்டா?”

“இருபது.”

“எத்தனை சரி?”

“ஒண்ணுகூட இல்லை.”

டீச்சர் பாயைக் கீழே வைத்தார்.

“ஒண்ணுகூடவா?”

“இருபதும் தப்பு. நாளைக்குப் பட்டியல் போகணும். ஒண்ணாம் வகுப்புக்கு அனுப்ப முடியாத பிள்ளைங்க பேரு. இவ பேரை எழுதிட்டேன், டீச்சர். மத்த எல்லாரும் போயிடுவாங்க. இவ மட்டும் இன்னொரு வருஷம் இங்கேயே உக்காந்திருப்பா.”

முதல் நாள் வழி தெரியாமல் நின்ற சுந்தரவடிவேலைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தவளே பவழம்தான். அவள் மேல் அவருக்குக் கொள்ளைப் பிரியம்.

“உக்காருங்க, சார். கண்ணை மூடுங்க.”

ஏதோ தியானம் போல என்று நினைத்து, சம்மணம் போட்டு, முதுகை நிமிர்த்தி, பயபக்தியோடு கண்ணை மூடினார். மடியில் தொடுதிரை வந்து உட்கார்ந்தது.

“இருபது தடவை தொடுங்க.”

“எந்தக் குளத்துல எத்தனைன்னு தெரியாதே?”

“தொடுங்க.”

தொட்டார்.

இமைமேல் மேகம் ஈரமாகப் படிந்தது. கொஞ்ச நேரத்தில் விரல் நிஜமான தண்ணீருக்குள் இருப்பது போலிருந்தது. மீன்கள் உரசிக்கொண்டு போயின. எங்கோ மணி அடித்தது. எங்கோ தண்ணீர் தெறித்தது. தான் எந்த ஊர், என்ன வயது என்பதுகூடக் கொஞ்ச நேரம் மறந்துபோனது.

“போதும், சார்.”

கண்ணைத் திறந்தார்.

“பதினொண்ணு சரி” என்று சொல்லிவிட்டு டீச்சர் பாயை விரிக்கப் போய்விட்டார்.

சுந்தரவடிவேல் கணக்குப் போட்டுப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு பதினொன்று. கண்ணைத் திறந்துகொண்டு பவழத்துக்கு ஒன்றுகூட இல்லை.

தொடுதிரையை எடுத்துக்கொண்டு சட்டென்று எழுந்தார். மேகத்துக்குள் தட்டுத்தடுமாறிப் பவழத்தின் பாயைக் கண்டுபிடித்தார். அவள் தூங்கவில்லை.

“பவழம், இதுல எந்தக் குளத்துல மீன் அதிகம்?”

அவள் எண்ணவில்லை. நொடிகூட யோசிக்கவில்லை. சரியான குளத்தின் பக்கம் முகவாயை நீட்டினாள்.

“அப்போ ஏன் அதைத் தொட மாட்டேங்குற?”

“அதைத் தொட்டா மணிதான் அடிக்கும், தாத்தா.” இதுகூடத் தெரியவில்லையே என்பது போல அவரைப் பரிதாபமாகப் பார்த்தாள். “இதைத் தொட்டாத்தான் தவளை குதிக்கும்.”

தொட்டாள். குண்டுத் தவளை ஒன்று தொபுக்கென்று குளத்தில் விழுந்து, திரை முழுக்கத் தண்ணீரைத் தெறிக்கவிட்டு, ஐயையோ என்று அலறியது.

தப்பு என்று சொல்வதற்காக அவர் செய்த தவளை. அதைச் செய்ய மூன்று மாதம் ஆனது. சரிக்கு உண்டான மணியைப் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டார்.

பவழம் விழுந்து விழுந்து சிரித்தாள். மேகத்துக்குள் மற்ற பாய்களிலிருந்தும் சிரிப்பு கேட்டது.

அவர் பட்டியலை எடுத்து அவள் பெயரை அடித்தார்.

“காலியா அனுப்பக் கூடாதுன்னு ஆபீஸ்ல கறாராச் சொல்லியிருக்காங்க, சார்” என்றார் டீச்சர்.

சுந்தரவடிவேல் கொஞ்சம் யோசித்தார். பிறகு ஒரு பெயரை எழுதினார்.

டீச்சர் எட்டிப் பார்த்தார்.

“வயசும் போடணும், சார்.”

ஐம்பத்திரண்டு என்று போட்டார்.