வாலாட்டிக் குருவி விடாத தாளம்

தொம்... தொம்... அந்தக் காலத்தில், விலங்கும் பறவையும் பேசித் திரிந்த நாளில், ஜப்பான் மலையடிவாரத்துப் பைன் காட்டில் ஓயாமல் கேட்ட சத்தம் அது. தானுகி என்ற காட்டு விலங்கு தன் பெருந்தொந்தியைத் தட்டத் தொடங்கினால், 'நோ' என்னும் நாடகம் ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

அந்த முகமூடி நாடகத்தில் இறந்தவர்கள் வருவார்கள். மேடையிலிருந்து ஒரு மரப்பாலம் நீளும். அதன் கோடியில் ஒரு திரை. ஆடுகிறவர் யாரை நினைத்து ஆடுகிறாரோ, அவர் திரையை விலக்கி வருவார். தாளம் நின்றதும் போய்விடுவார். ஆடியவரும் உடனே முகமூடியைக் கழற்றிவிட வேண்டும்.

வாலாட்டிக் குருவி சாயோவுக்கு அப்போது முகம் கறுப்பு. வாலும் ஆடாது. அவளைப்போல அசையாமல் நிற்கத் தெரிந்தவர் அந்தக் காட்டிலேயே இல்லை. அதனால்தான் நாடகத் தலைவரான கொக்கு அவளிடம் வெள்ளை முகமூடியைக் கொடுத்தது. அந்த வேனிலில்தான் அவள் துணை இசாகுவைப் பருந்து தூக்கிப்போயிருந்தது.

"ஒரு தடவைதான் பார்க்கலாம். தெரியுமா?" என்று கேட்டது கொக்கு.

"ஒரு தடவை போதும் ஐயா."

ஆடினாள். திரை விலகியது. இசாகு. இறகில் ரத்தமே இல்லை. பாதிப் பாலம் வந்திருப்பான். தானுகியின் கை தளர்ந்தது.

"நிறுத்தாதீங்க அண்ணே!"

"விடு தாயி, தோலு உரிஞ்சுபோச்சு. என் தொந்தி என்ன மரத்துலயா செஞ்சிருக்கு?"

"அவர் இன்னும் பாதி தூரம் வரணும்."

"வந்தா? வீட்டுக்கா கூட்டிட்டுப் போவே?"

தானுகி கையை எடுத்துவிட்டது. இசாகு திரும்பினான். அந்த நொடியில் சாயோ வாலால் மேடைப் பலகையில் அடித்தாள். தக். மறுபடியும், தக். அவன் நின்றான். முகத்தை மட்டும் திருப்பவில்லை.

"முகமூடியைக் கழற்று!" என்று கொக்கு கத்தியது.

"தாளம் இன்னும் நிக்கலையே ஐயா!"

அவனை நோக்கி ஓடினாள். ஓடினால் தாளம் பிசகியது, அவன் மங்கினான். நின்று அடித்தாள், தெளிந்தான். ஓடினாள், நின்றாள், அடித்தாள். ஒவ்வொரு முறையும் அவன் இன்னும் கொஞ்சம் தள்ளியே இருந்தான். பாலம் தீர்ந்து, திரையும் கடந்து, ஆற்று மணலில் அவள் ஓடிக்கொண்டிருந்தபோது முகமூடி தோலோடு ஒட்டிப்போயிருந்தது.

அன்று முதல்தான் வாலாட்டிக் குருவி இனத்துக்கே வெள்ளை முகம். நாலடி ஓடும், நிற்கும், வாலை அடிக்கும், மறுபடி ஓடும்.

சாயோ அந்தப் பனிக்காலத்திலேயே மணலில் செத்துக் கிடந்தாள். வால்தான் கடைசியாக நின்றது.