சேறு அடங்கும் நேரம்

கோமதிநாயகத்துக்கு ஐம்பத்தாறு வயது. பாதி ஆயுளைக் கல்லூரியில் பாடம் நடத்தியே கழித்துவிட்டு, ஓய்வு பெறுவதற்குள் டாக்டர் பட்டம் வாங்கியே தீருவது என்று ஆய்வுக் கப்பலில் ஏறியவர். அவருக்கு வழிகாட்டி நிலோபர். அவரைவிடப் பதினைந்து வயது சின்னவர், அதிகம் பேசாதவர்.

கப்பலுக்குக் கீழே எட்டாயிரம் மீட்டர் ஆழத்தில் ஒரு கடல் அகழி. மேலே செத்த பாசியெல்லாம் கடைசியில் அதன் அடிச் சேற்றில்தான் போய்ச் சேர்கிறது. அந்தச் சேற்றிலுள்ள கார்பனில் நுண்ணுயிர்கள் தின்பது எவ்வளவு, புதைவது எவ்வளவு என்பதுதான் கோமதிநாயகத்தின் ஆய்வு. மயிரிழைபோன்ற கண்ணாடி ஊசிகள் பொருத்திய கருவி கீழே போய், சேற்றில் ஊசியை இறக்கி, ஆக்சிஜன் குறைவதை அளந்து வரும். ஒரே ஒரு முறைதான் இறக்க முடியும். மறுநாள் கப்பல் திரும்புகிறது.

காலையில் நிலோபர், கோமதிநாயகம் கருவிக்குக் கொடுத்திருந்த கட்டளைகளைக் கணினியில் சரிபார்த்தார். தரையைத் தொட்டதும் கிளம்பும் கலங்கல் அடங்கினால்தான் அளவு சரியாக வரும் என்பதால், கருவி இரண்டு மணி நேரம் சும்மா நிற்க வேண்டும். அதைப் பத்து நிமிடமாக்கி வைத்திருந்தார் கோமதிநாயகம்.

“பேட்டரி தாங்குறதே ஆறு மணி நேரம், மேடம். அதுல ரெண்டு மணி நேரம் வெட்டியா நிக்கணுமா? அளவு நிறையக் கிடைச்சாத்தானே என் ஆய்வு தேறும்?”

நிலோபர் இரண்டு டீ வாங்கிவந்து எதிரே உட்கார்ந்தார்.

“வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா, சார்?”

“நல்லா இருக்காங்க, மேடம்.”

அத்தோடு பேச்சு முடிந்திருக்க வேண்டும். நிலோபர் எழுந்திருக்கவில்லை. டீயைக் குடித்தார். கடலைப் பார்த்தார். கோமதிநாயகம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார், துடைத்ததையே மறுபடி துடைத்தார். இந்தம்மா எதற்கு இப்படிப் பிடித்துவைத்த மாதிரி உட்கார்ந்திருக்கிறார் என்று எரிச்சலாக வந்தது. அரை மணி நேரம் போனதும் அந்த எரிச்சலும் அடங்கியது. அவருடைய டீ ஆறி ஆடை கட்டிவிட்டது.

“நாளைக்கு என் வீட்டுக்காரிக்கு ஆபரேஷன், மேடம். வயித்துல கட்டி. ‘நீங்க போயிட்டு வாங்க’ன்னுதான் சொன்னா. நான் வந்திருக்கக் கூடாது.”

பயமாக இருக்கிறது என்றும் சொன்னார்.

நிலோபர் கப்பல் போனை அவர் பக்கம் நகர்த்தினார். “முதல்ல அவங்ககிட்ட பேசுங்க.”

கோமதிநாயகம் போனை எடுத்தார். கண் மட்டும் கணினித் திரைக்குப் போனது.

“அப்ப, அந்தப் பத்து நிமிஷம்?”

“நான் பத்து நிமிஷத்துல எழுந்திருந்தா, ‘வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்க’ன்னு எழுதிட்டுப் போயிருப்பேன், சார்.”