கிணற்றடிக் குசுகுசுப்பு

"அம்மா, இங்க எனக்கு எதிரா சதி நடக்குது."

கதவைச் சாத்திவிட்டுத்தான் கோதண்டபாணி இதைச் சொன்னார். கோர்ட்டு குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் மருமகளோடு ஒத்துவராமல், தன்னைவிட இருபது வயது இளையவரான நாச்சியாரம்மையைக் குருவாக ஏற்று ஆசிரமத்துக்கு வந்தவர். இந்த இடமும் போனால் போக்கிடம் இல்லை என்ற பயம் அவருக்கு எப்போதும் உண்டு.

அம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"சதின்னா என்ன?"

என்ன கேள்வி இது! குற்றச்சாட்டு வாசித்தே தொண்டை தேய்ந்தவரிடமா?

"ரெண்டு பேரோ, மேலேயோ கூடி, ஒருத்தருக்குத் தெரியாம, அவருக்குக் கெடுதல் பண்ண ஒத்துக்கிறது."

"ஒத்துக்கிட்டாப் போதுமா? செய்ய வேண்டாமா?"

"ஒத்துக்கிட்டதே குத்தம்மா."

"யாரு அப்படி ஒத்துக்கிட்டது?"

கோதண்டபாணி குரலைத் தாழ்த்தினார். "சமையல்கார பேச்சியும் தோட்டக்கார சீரங்கனும். கிணத்தடியில எப்பவும் குசுகுசுன்னு பேச்சு. நான் போனா கப்சிப். என்னைக் கிளப்பப் பாக்குறாங்க."

"என்ன பேசினாங்கன்னு காதால கேட்டீங்களா?"

"கேக்கணுமா? மூஞ்சியில எழுதி ஒட்டியிருக்கே."

"சாட்சி?"

அவர் முகம் மலர்ந்தது. இதில் அவரை யாரும் அசைக்க முடியாது.

"தயார். பால்காரர், விறகுக்காரர். வெள்ளிக்கிழமை எல்லாரும் கூடும்போது சொல்வாங்க. பேச்சியை அன்னைக்கே வெளியே அனுப்பிடலாம்."

"அந்தச் சாட்சிங்க காதால கேட்டாங்களா?"

"என்ன சொல்லணும்னு நான் சொல்லிக்கொடுத்திருக்கேன்."

"எங்க வெச்சு?"

"மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால."

"பேச்சிக்குத் தெரியுமா?"

"ஐயோ, மூச்சு விடக்கூடாதும்மா!"

அம்மை எழுந்தார். கதவை அகலத் திறந்தார்.

"பேச்சி! இங்க வா."

கோதண்டபாணி வேண்டாம் என்று கையை ஆட்டினார். காரியத்தையே கெடுத்துவிட்டாரே இந்த அம்மாள்!

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே பேச்சி வந்து நின்றாள். ஆசிரமத்தைத் தவிர அவளுக்கும் வேறு வீடு இல்லை.

"கிணத்தடியில ஏன் குசுகுசுன்னு பேசுறீங்க?"

"சத்தமாப் பேசினா ஜபம் கெடுதுன்னு ஐயாதானேம்மா திட்டினாரு? அவரு தலை தெரிஞ்சா அதையும் நிறுத்திருவோம்."

கோதண்டபாணிக்கு அப்படித் திட்டிய காலைப்பொழுது நினைவுக்கு வந்தது. சத்தம் போட்டது அவர்தான்.

அம்மை மறுபடி கீரைமுன் உட்கார்ந்தார். "ஐயா, எனக்கு ஒரு வார்த்தைக்கு அர்த்தம் சொன்னீங்களே. அதை இவளுக்கும் சொல்லுங்க."

குருவின் சொல்லைத் தட்ட முடியாது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ரெண்டு பேரோ, மேலேயோ கூடி..."

மாட்டுக்கொட்டகைப் பக்கம் பால்காரரின் சைக்கிள் மணி கேட்டது.

"...ஒருத்தருக்குத் தெரியாம..."

அதற்கு மேல் அவருக்கு வரவில்லை.

பாவம், பெரியவருக்கு மறந்துவிட்டது போல என்று பேச்சி எடுத்துக் கொடுத்தாள்.

"யாருக்குத் தெரியாமய்யா?"