ரிவர்ஸ் யாருக்கும் சொந்தமில்லை

அந்தக் காலத்தில் மாடு பேசும், ஆடு பேசும், கோழி கொஞ்சம் அதிகமாகவே பேசும். எந்தக் காலம் என்று நாள் கிழமை கேட்காதீர்கள். டிராக்டர் என்ற ஒன்று ஊருக்குள் முதன்முதலாக வந்த வருஷம், அவ்வளவுதான். இதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை, நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

குஞ்சம்மாளுக்கு இரண்டு ஏக்கர் வயல். வாய்க்காலின் கடைசி வயல் அது. மேலே இருப்பவர்கள் எல்லாரும் பாய்ச்சி முடித்த பிறகுதான் அவளுக்குத் தண்ணீர் வரும். அந்த வருஷம் ரொம்பவே தாமதமாக வந்தது. நாற்றங்காலில் நாற்று முற்றிப்போய்க்கொண்டிருந்தது. மறுநாள் காலை நடவாட்கள் வயலில் இறங்கியாக வேண்டும். இல்லையென்றால் நாற்றைப் பிடுங்கி மாட்டுக்குப் போட்டுவிட வேண்டியதுதான். அந்த ஒரு விளைச்சலை நம்பித்தான் அவள் வீட்டில் வருஷம் முழுக்க உலை ஏறும்.

அவள் புருஷன் சிங்காரம் ஏர் ஓட்டுகிறவன். அவன் ஏரில் இரண்டு மாடுகள். சிவப்பு மாட்டுக்குச் செவலை என்று பேர், சாம்பல் நிற மாட்டுக்கு மயிலை. இரண்டும் நல்ல உழைப்பாளிகள். ஆனாலும் ஒரே நாளில் இரண்டு ஏக்கர் சேற்றை ஓர் ஏர் உழுது முடிக்காது. அதனால் டவுனிலிருந்து அருள்ராஜ் என்பவன் டிராக்டர் கொண்டுவந்தான். நடுவயலை டிராக்டர் உழும், அது நுழைய முடியாத மூலைகளை மாடு உழும் என்று ஏற்பாடு.

டிராக்டருக்கு அந்தக் காலத்திலும் வாய் கிடையாது, சத்தம் மட்டும் உண்டு. ஓட்டுகிறவனுக்குப் பின்சக்கரம் எங்கே போகிறது என்று தெரியவில்லை. குஞ்சம்மாள் வரப்பில் நின்று தொண்டை கிழியக் கத்தினாள்.

"நில்லு, நில்லு. திரும்பு. பின்னால வா."

மூலையில் உழுதுகொண்டிருந்த செவலை தலையைத் தூக்கிப் பார்த்தது.

"குஞ்சம்மா, அதெல்லாம் எங்க சொல்லாச்சே. அதை எதுக்கு அந்த இரும்புக்குக் கொடுக்கிற?"

"சொல்லுல உன்னுது என்னுதுன்னு உண்டா? நடப்பா" என்றான் சிங்காரம்.

"உண்டு" என்றது செவலை. "நான் பொறந்ததிலேருந்து நில்லுன்னா நின்னேன், வான்னா வந்தேன். இப்ப வயலும் அதுக்கு, உழவும் அதுக்குன்னு ஆகிப்போச்சு. சொல்லும் அதுக்கே போயிட்டா, நாளைக்கு எங்களை யாரு கூப்பிடுவா, எதைச் சொல்லிக் கூப்பிடுவா?"

சொல்லிவிட்டுச் சேற்றிலேயே படுத்துக்கொண்டது. செவலை சொன்னதை மயிலை என்றைக்கும் தட்டியதில்லை, அதுவும் படுத்தது. சிங்காரம் பிண்ணாக்கைக் காட்டினான், கொம்பைத் தடவினான், கடைசியில் கையெடுத்துக் கும்பிட்டும் பார்த்தான். இரண்டும் அசையவில்லை.

இந்தக் கலவரத்தில் அருள்ராஜுக்குக் குரல் கொடுக்க ஆளில்லாமல் போயிற்று. அவன் பாட்டுக்கு வண்டியைப் பின்னால் எடுத்தான். பின்சக்கரம் வரப்பில் ஒரு சாண் மண்ணைத் தின்றுவிட்டது. வரப்புக்கு அந்தப் பக்கம் வடிகால். உடைப்பு வழியாகத் தண்ணீர் கசிய ஆரம்பித்தது. இன்னும் ஒரு சாண் போனால் இத்தனை நாள் காத்திருந்து வந்த தண்ணீர் மொத்தமும் வடிகாலோடு போய்விடும். குஞ்சம்மாள் முன்னால் ஓடி இரண்டு கையையும் விரித்து நின்றாள். அருள்ராஜ் எஞ்சினை அணைத்தான்.

"சரி, வேற சொல் சொல்றேன். நிறுத்துன்னா?" என்று செவலையைக் கேட்டாள்.

"அது வண்டி பூட்டுறப்ப எங்களுக்குச் சொல்றது."

"ஒதுங்குன்னா?"

"அது எங்களுக்கு. தினம் பத்து தடவை கேக்கறோம்" என்றது வரப்பில் மேய்ந்த ஆடு.

"போன்னு சொல்லலாமா?"

"வாசப்படி ஏறினாலே எனக்கு அதானே கிடைக்குது. அதையும் பிடுங்கிக்கப் போறியா?" என்றது கோழி.

நாக்கில் வந்த சொல்லுக்கெல்லாம் ஒரு சொந்தக்காரர் இருந்தார். ஆனால் குஞ்சம்மாள் திகைத்து நிற்கிற ரகம் இல்லை. அருள்ராஜ் பக்கம் திரும்பினாள்.

"தம்பி, நீ வண்டி பழகினப்ப உங்க முதலாளி என்ன சொல்லிக் கத்துவாரு?"

"ஸ்டாப், ரிவர்ஸ், லெப்ட், ரைட். எல்லாம் இங்கிலீஷ்தான் அக்கா."

"உனக்கு இங்கிலீஷ் தெரியுமா?"

"இந்த நாலுதான் தெரியும்."

"நாலு போதும்" என்றவள், எல்லாரும் கேட்கும்படி குரலை உயர்த்தினாள். "ரிவர்ஸ். இது யாருக்காவது சொந்தமா?"

ஆடு கோழியைப் பார்த்தது. கோழி வாழ்க்கையில் முதல்முறையாக ஒன்றும் பேசவில்லை. எல்லாவற்றுக்கும் பங்கு கேட்டு வரும் காக்கை கூடத் தலையைச் சாய்த்து யோசித்துவிட்டுப் பறந்து போனது.

"அப்ப இது இரும்புக்கு" என்றாள் குஞ்சம்மாள். பிறகு செவலையின் எதிரே வந்து நின்றாள். "உன் சொல் உனக்கே இருக்கட்டும். ஆனா ஒண்ணு. உனக்காக இந்த ஊரே புதுசா நாலு சொல்லை நாக்குல பழக்கணும். நாங்க இவ்வளவு சிரமப்படறோம், நீ என்ன தருவே?"

செவலை அசைபோடுவதை நிறுத்திவிட்டு யோசித்தது.

"உழைப்பை ஏற்கெனவே கொடுத்தாச்சு. மிச்சம் இருக்கறது பேச்சு ஒண்ணுதான். அதைத் தர்றோம். இனி நீங்க சொல்லுங்க, நாங்க கேக்கறோம். பதில் பேச மாட்டோம்."

 இதைக் குஞ்சம்மாள் எதிர்பார்க்கவில்லை. சிங்காரத்தின் மேல் கோபம் வந்தால் பதினோரு வருஷமாக அவள் போய்ச் சொல்லி அழுதது செவலையிடம்தான்.

"அவ்வளவு வேணாம். நான் சும்மாத்தான் கேட்டேன்."

"சும்மா வாங்கினா நாளைக்கு எவனாவது திருப்பிக் கேப்பான். விலை கொடுத்து வாங்கின சொல்லை இனிமே எவனும் கேக்க முடியாது" என்று சொல்லிவிட்டுச் செவலை எழுந்து நின்று சேற்றை உதறியது. "தண்ணி போகுது பாரு. வரப்பை அடை. நாங்க நடக்கறோம்."

மாடு பேசிய கடைசிப் பேச்சு அதுதான். செவலையே விட்டுவிட்ட பிறகு நமக்கென்ன பேச்சு என்று ஆடும் கோழியும் பின்னாலேயே விட்டுவிட்டன.

குஞ்சம்மாள் ஒரு கூடை மண்ணைக் கொட்டி மிதித்து வரப்பை அடைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "லெப்ட், லெப்ட், ஸ்டாப்" என்று கத்தினாள். டிராக்டர் சொன்ன இடத்தில் நின்றது. பொழுது சாய்வதற்குள் இரண்டு ஏக்கரும் உழுது முடிந்தது. மறுநாள் நடவும் முடிந்தது.

அன்று முதல்தான் பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத பெண்ணும் வரப்பில் நின்று டிராக்டரைப் பார்த்து "ரிவர்ஸ், ரிவர்ஸ்" என்கிறாள். மாட்டின் பக்கம் திரும்பினால் "நில்லு" என்கிறாள். மாடு பதில் பேசாமல் நிற்கிறது. வாயைக் கொடுத்து வாங்கிய சொல் அது.